பதிலுக்கு விட்ட இடம்

அவளை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

எங்கள் மலைமேல் செம்மேட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் கணினி வகுப்பு நடந்தது. மலைப் பிள்ளைகளுக்காக யாரோ புண்ணியவான்கள் நடத்திய இலவச வகுப்பு. போட்டோ திருத்துவது, வீடியோ வெட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு எழுத்து வீடியோவுக்கு வந்தார்கள். அதில் ஆள் இருக்காது, காட்சி இருக்காது. ஒரு குரல் பேசும். அது பேசப் பேச அந்தச் சொற்கள் திரையில் எழுத்தாக வந்து விழும், உருளும், பெரிதாகும், மறையும். கல்யாண அழைப்பு, கோயில் நோம்பி, கடை திறப்பு என்று எல்லாவற்றுக்கும் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள் என்றார் சார்.

சார் சேலத்துக்காரர், சின்ன வயது. கம்ப்யூட்டரைச் சட்டென்று தொட விடமாட்டார். முதலில் காது, அப்புறம் பேப்பர், கடைசியில்தான் மவுஸ் என்பார். குரலைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்டதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். எங்கே அழுத்தம், எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே நிற்கிறது என்று கோடு போட வேண்டும். பிறகு கட்டம் கட்டமாக வரைய வேண்டும். இந்தச் சொல் எந்தப் பக்கமிருந்து வரும், எவ்வளவு நேரம் நிற்கும், எப்படிப் போகும் என்று எல்லாம் பேப்பரிலேயே முடிவாக வேண்டும். படிக்கிறவர் மனசுக்குள் ஒருமுறை படித்து முடிக்கும்வரை எழுத்து திரையில் நிற்க வேண்டும், அதற்கு முன்னால் பிடுங்கினால் அது திருட்டு என்று அடிக்கடி சொல்வார். அந்தப் பாடத்தை நான் நன்றாகவே படித்தேன். அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் பின்னால் அவருக்குப் பிடிக்கவில்லை.

தமிழ் எழுத்தை அசைப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஓர் எழுத்தைத் தனியாக நகர்த்தச் சொன்னால் வீடியோ செய்யும் மென்பொருள் கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் பிய்த்துப் போட்டுவிடும். ஒவ்வொரு சொல்லையும் முதலில் படமாக மாற்றிக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கையால் வெட்டிப் பிரித்துத்தான் நகர்த்த முடியும். பொறுமை வேண்டிய வேலை. மிளகுக் கொத்தில் காம்பு பொறுக்கி வளர்ந்தவளுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. அவளுக்குத்தான் வரவே இல்லை.

அவள் என்றால் என் பக்கத்து நாற்காலிக்காரி. அடிவாரத்தில் பேளுக்குறிச்சிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். கீழே எங்கும் இடம் கிடைக்காமல் மேலே வந்து சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் வளைவெல்லாம் சுற்றி ஏறி வந்து, தலை கிறுகிறுக்கிறது என்று என் தோளில் சாய்ந்துகொள்வாள். சொல்ல எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். ஒரு சனிக்கிழமை வளப்பூர் நாட்டில், அதாவது மலையூர்கள் சில சேர்ந்த வட்டாரத்தில், உள்ள எங்கள் ஊருக்கே கூட்டிப்போனேன். அம்மா பலாக்கொட்டைக் குழம்பு வைத்தாள். அடிவாரத்துக்காரி சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, என் அம்மாவை 'அம்மா' என்றே கூப்பிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கு மெசேஜ் போடுவாள். எழுத்து உடைகிறது, எப்படிச் சேர்ப்பது? எழுத்து அசையத் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் கீ-பிரேம் எங்கே வைப்பது? நாளைக்குக் காட்ட வேண்டும், நீயே செய்து கொடுத்துவிடேன். செய்து கொடுத்தேன். சார் அவளைப் பாராட்டியபோது அவளை விட நான்தான் அதிகம் பூரித்தேன். அவ்வளவு பெரிய மடச்சியாக இருந்திருக்கிறேன்.

இனி அம்மாவின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வகுப்புக்காக நான் செம்மேட்டில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. காட்டுக்கு மேல் ஒரு பாறை உண்டு, அங்கே ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். போன் பேசினால் பாதியில் அறுந்துவிடும் என்பதால், அம்மா அந்தப் பாறையில் நின்று எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பாறையில் நின்று பேசுவது அம்மாவுக்குப் புதிதில்லை. போன் வருவதற்கு முன்னாலிருந்தே எதிர்ச்சரிவில் இருப்பவர்களை எங்கள் ஊரில் அங்கிருந்துதான் கூப்பிடுவார்கள். ஒன்றைக் கூவிக் கேட்க வேண்டும். பள்ளத்தைத் தாண்டி அது போய்ச் சேர்ந்து, பதில் திரும்பி வரும்வரை நிற்க வேண்டும். வந்ததும் 'சரி' என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்க வேண்டும்.

அம்மா போனிலும் அப்படியேதான் பேசினாள். "கண்ணூ" என்று இழுத்துக் கூப்பிடுவாள். நிற்பாள். காற்றுச் சத்தம் கேட்கும். "சரி. சோறு உண்டியா?" என்பாள். நிற்பாள். "சரி சரி. அங்க மளை பேயுதா?" மறுபடியும் நிற்பாள். பதிவு செய்யும்போது நான் அங்கே இல்லை என்பதெல்லாம் அம்மாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. அம்மா நிற்கிற இடத்தில் நான் சித்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து, உண்டேன் அம்மா, இல்லை அம்மா, தூறல்தான் அம்மா என்று பதில் சொல்லிக்கொண்டே கேட்பேன். அந்த இடைவெளி எனக்குச் சரியாகப் போதுமானதாக இருக்கும்.

வீட்டில் யாராவது பேசும் குரலை எடுத்து எழுத்து வீடியோ செய்யச் சொன்னார் சார். நான் அம்மாவின் பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அந்த இடைவெளிகளில் திரை வெறுமையாக இருக்க வேண்டும், அம்மா கேட்ட கேள்வி மட்டும் ஓர் ஓரத்தில் சின்னதாக நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். கட்டங்களைப் பார்த்துச் சார் நன்றாக வரும் என்றார். பாதிக்கு மேல் செய்து முடித்திருந்தபோது அடிவாரத்துக்காரி, எப்படிச் செய்தாய் என்று பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று ஃபைலைக் கேட்டாள். கொடுத்தேன்.

அவள் அதைக் கற்றுக்கொள்ளக் கேட்கவில்லை. வெறுமையாக விட்ட இடங்களில் எல்லாம் சாமான்களை இறக்கியிருந்தாள். அம்மா 'கண்ணூ' என்று கூப்பிட்டு நின்றதும் திரையில் ஒரு நத்தை ஊர்ந்து போனது. 'சோறு உண்டியா' என்று கேட்டு நின்றதும் ஒரு பொம்மை கொட்டாவி விட்டது. 'மளை பேயுதா' என்றதும் 'மலைக்கு இன்னும் போன் வரவில்லை, பொறுத்துக்கொள்ளவும்' என்று எழுத்து வந்து குதித்தது. நான் வெட்டி எடுத்த எழுத்துகள், நான் வைத்த கீ-பிரேம்கள். வகுப்பில் எனக்கு முன்னால் எழுந்து போய் குரல் இவள் அம்மாவுடையது, வீடியோ என்னுடையது என்று சொல்லிப் போட்டுக் காட்டினாள். வகுப்பே உருண்டு சிரித்தது. சாரும் சிரித்தார். 'டைமிங் பிரமாதம்' என்றார். தமாஷ்தானடி, முகத்தை ஏன் தூக்கி வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டபடி அவள் என் தோளில் சாய்ந்தாள்.

அன்றைக்கே அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். அது கைமாறிக் கைமாறி எங்கள் ஊருக்கும் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து மிளகுக்காட்டுக்காரர் மருமகள், உங்க குரல் சினிமா மாதிரி வந்திருக்கிறது என்று அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அம்மாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. நத்தையைத் தெரியும். சுற்றி நின்றவர்கள் சிரித்ததும் தெரியும்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் பேசறது அப்படியா கண்ணு இருக்குது?"

இல்லை என்றேன். நான் திரும்பி வந்த பிறகு குரல் பதிவு வருவது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூப் படம் வரும். நான் ஏதாவது பேசி அனுப்பினால் கட்டைவிரல் வரும். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று போய்க்கொண்டே இருந்தது. சித்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த ரோஜாப்பூவைப் பார்க்கும்போது அடிவாரத்துக்காரியின் கழுத்தைத் திருக வேண்டும் போல இருக்கும்.

ஆனாலும் அவளோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவள் அழுவாள், சார் வந்து கை குலுக்க வைப்பார், எல்லாம் முடிந்துவிடும். எனக்கு முடிய வேண்டாம். எப்போதும் போல டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன். எப்போதும் போல அவள் எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தேன். வயிற்றுக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது, அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

வகுப்பின் கடைசி நாளுக்கு ஆளுக்கொரு வீடியோ செய்ய வேண்டும், பெற்றோர் எல்லாம் வருவார்கள், சேலத்திலிருந்து கல்யாண வீடியோ செய்யும் ஸ்டுடியோக்காரர் ஒருவரும் வருவார், பிடித்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று சார் அறிவித்தார். அன்று சாயங்காலம் அவளிடமிருந்து வழக்கமான கெஞ்சல் வந்தது. படித்துக்கொண்டே மேலே தள்ளிப் பார்த்தேன். சேர்ந்த நாளிலிருந்து அவள் போட்டதெல்லாம் வரிசையாக இருந்தது. செஞ்சு குடு, அனுப்பு, சார்கிட்டச் சொல்லிராதே. படிக்கப் படிக்க ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கேள்விக்கான பதில் போலவே இருந்தது. கேள்வி மட்டும்தான் இல்லை. கேள்வி கேட்கும் குரல் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா களத்தில் மிளகுக் கொத்தைக் காலால் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். நத்தையை விட்டது யார், அவள் மெசேஜுக்கு முன்னால் அம்மா கேள்வி கேட்டால் எப்படி என்று எல்லாம் சொன்னேன். விட்டுத் தள்ளு, பாவம், பொட்டப்புள்ளை என்று சொல்வாள் என்று பயந்துதான் சொன்னேன். அப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

அம்மா கால்களை நிறுத்தினாள். "இங்க வந்து உண்டுட்டுப் போன புள்ளைதான அது?"

ஆமாம் என்றேன்.

"படி, கேக்கறேன்."

நான் அடிவாரத்துக்காரியின் மெசேஜை ஒவ்வொன்றாகப் படித்தேன். அம்மா ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, இதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று யோசித்து, கேள்வியைத் தானே செய்தாள். சில கேள்விகளை மாற்றினாள். ஒன்று சாதுவாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் உறைக்க வேண்டும் என்றாள். பல நாளுக்குப் பிறகு அம்மா சிரிப்பதைப் பார்த்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது. எனக்கு அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

இரண்டு பேரும் பாறைக்கு ஏறினோம். சார் சொன்னபடி ஒவ்வொரு மெசேஜையும் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மா கேள்வியைக் கேட்டதும் நான் கையை உயர்த்துவேன். கை உயர்ந்திருக்கும்வரை பேசக் கூடாது. இறக்கியதும் 'சரி' சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முதலில் சரிவரவில்லை. பழக்கப்படி எதிர்ச்சரிவைப் பார்த்துத் தன் போக்கில் நின்றாள். அங்கே பார்க்காதே, என் கையைப் பார் என்றேன். நாலைந்து முறை செய்த பிறகு கச்சிதமாக வந்துவிட்டது. ஓ, நிற்பதற்கு இப்படி ஓர் அளவு உண்டா என்று கேட்டுக்கொண்டாள்.

கடைசி நாள் வகுப்பறையில் நாற்காலி போதாமல் கீழே உரக்கடையிலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். அடிவாரத்துக்காரியின் அம்மா பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் அம்மா வரவில்லை. மிளகு காய்கிறது, நீயே போட்டுவிட்டு வந்து சொல் என்றுவிட்டாள்.

அடிவாரத்துக்காரியின் மாதிரிக் கல்யாண அழைப்பு வீடியோ முதலில் ஓடியது. எழுத்துகள் பூவாக விரிந்து சேர்ந்தன. முக்கால்வாசி என் கைவேலை. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து என் வீடியோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள், உங்கம்மா குரலா, மறுபடியுமா என்று என் காதில் சிரித்தாள்.

"கண்ணூ, வேலை முடிஞ்சுதா?" என்றது அம்மாவின் குரல். எழுத்து மலைச்சரிவு போலச் சாய்ந்து வந்து நின்றது. அம்மா நின்றாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது: 'எனக்கு ஒண்ணும் புரியலடி, உன் ஃபைலை அனுப்பு.' பதிலின் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சூரியகாந்திப் பூ. அவள் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் அதே பூ. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த பூ.

யாரோ சிரித்தார்கள். "சரி. நீயே செஞ்சு பாத்தியா சாமி?" 'எழுத்தெல்லாம் உடையுது, நீயே செஞ்சு குடுத்துரு.' சிரிப்பு பெரிதானது. "சரி சரி. சாருகிட்டக் கேட்டியா?" 'நான் செஞ்சதாத்தான் சார்கிட்டச் சொல்லியிருக்கேன், காட்டிக் குடுத்துராதே.' சிரிப்பு சட்டென்று நின்றது. சார் கையைக் கட்டிக்கொண்டார். "ம்ம். பசியோட வந்தியா கண்ணு?" 'உங்கம்மா வெச்ச பலாக்கொட்டைக் கொழம்பு மாதிரி நான் தின்னதே இல்லடி.' கடைசியாக அம்மா சொன்னது அம்மாவே யோசித்துச் செய்தது.

"சரி சாமி. தின்னயில்ல, நல்லா இரு."

எழுத்துகளை நான் உடனே மறைக்கவில்லை. எல்லோரும் படித்து முடிக்கும்வரை நிற்க விட்டேன். சூரியகாந்தியை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க விட்டேன். முன்வரிசையில் அவள் அம்மா திரும்பி, "இது உன்ற போனுல இருக்கற பூவுதான?" என்று கேட்டார். சத்தமில்லாத அறையில் அது எல்லோருக்கும் கேட்டது. அவள் எழுந்து மாடிப்படிக்கு ஓடினாள். எனக்குள் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் யாரோ நெய்யை ஊற்றியது போல இருந்தது. நன்றாக இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

சார் என்னைத் தனியாக அழைத்து, தொழிலில் இப்படியெல்லாம் செய்யக் கூடாது, உன் திறமையை இதற்கா காட்டுவது என்று ஆரம்பித்தார். நத்தை வந்தபோது நீங்களும் சிரித்தீர்களே சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஸ்டுடியோக்காரர் யார் செய்தது என்று விசாரித்துவிட்டு, கைவேலை சுத்தம், ஆனால் கல்யாண வீட்டு வேலைக்கு இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது என்று சார் காதில் சொல்லிவிட்டு, வேறொருத்தியை எடுத்துக்கொண்டார். போகட்டும் என்று விட்டேன்.

படியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைத் திட்டியிருக்கலாமே, என் அம்மா கண் முன்னால் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள்.

"எங்கம்மா கொழாயடில நின்னுட்டுப் பாத்துச்சு. உங்கம்மாளுக்கு நாற்காலி போட்டுத்தான காட்டுனேன்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

ஊருக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் ஓடியதை அம்மா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். சித்தி வீட்டில் இருந்த சாமான்களை எடுக்கத் திரும்பவும் செம்மேட்டுக்கு வந்தபோது என் போன் ஒலித்தது. ரோஜாப்பூ இல்லை. குரல் பதிவு. அவ்வளவு நாளுக்குப் பிறகு அம்மா பேசுகிறாள். வாசலுக்கு ஓடி உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தேன்.

"கண்ணு சோறு உண்டுட்டு நேரமா கெளம்பு மளை வாரமாரி இருக்குது சாமானை நனைச்சராத பஸ்ஸுல பாத்து வா சரி வெச்சர்றேன்."

அவ்வளவுதான். வாயைத் திறந்தேன், ஆனால் அதற்குள் பதிவு முடிந்திருந்தது. மறுபடி போட்டேன். கண்ணு என்று கூப்பிட்ட பிறகு மூச்சு விடும் இடம்கூட இல்லை. எல்லோரும் அனுப்புவது போன்ற பதிவு அது. அதற்குப் பிறகு நான் செம்மேட்டுக்கு வந்த நாளிலெல்லாம் அப்படித்தான் வந்தது. வீட்டில் இருக்கும்போது ஒருநாள், இப்போதெல்லாம் ஏன் நிற்காமல் பேசுகிறாய் என்று கேட்டேன்.

"நீதான் அங்க இல்லியே கண்ணு. யாருக்குன்னு நிக்கறது?" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள், முறத்திலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. நான் எழுந்து பாறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நத்தையை ஊரவிட்டவள் அம்மாவிடமிருந்து இதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று தோன்றியது. நான் கையை உயர்த்தி இறக்கியதால் வந்தது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். இந்தப் பழியும் அவள் தலையில்தான்.

போன மாதம் அடிவாரத்துக்காரியிடமிருந்து மெசேஜ் வந்தது. மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். கடைசி நாளில் யாரோ எடுத்து அனுப்பிய அந்தச் சூரியகாந்தி வீடியோ இன்னும் யார் யார் போனிலோ சுற்றுகிறதாம், என்னிடம் இருப்பதையாவது அழித்துவிடச் சொல்கிறாள், மற்றவர்களையும் அழிக்கச் சொல்லச் சொல்கிறாள். தப்புதான், உங்கம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்று நீளமாக எழுதியிருந்தாள். அழித்துவிட்டாயா என்று மறுநாள் கேட்டிருந்தாள். இருக்கிறாயா என்று நேற்றுக் கேட்டிருந்தாள். எல்லாவற்றையும் படித்தேன். நான் படித்துவிட்டேன் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். பதில் போடவில்லை. நிற்கட்டும்.